சம்பந்திக்குத் தெரியக்கூடாத வியாதி

என் இடது காலில் இப்போது மூன்று விரல்தான். மற்ற இரண்டும் எங்கே போயின என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கேட்டுவிட்டுச் சும்மா போனாலாவது பரவாயில்லை. "ஆவாரம்பூ கஷாயம் குடிச்சிருந்தா விரல் போயிருக்காதே" என்பார் ஒருவர். "எங்க சின்னம்மா வெந்தயத்துலயே கொணமாக்கிட்டாங்க" என்பார் இன்னொருவர். சர்க்கரை வியாதிக்காரன் வாயில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று கருத்துச் சொல்லாத ஆள் கடலூர் முதுநகரில் ஒருத்தர்கூட இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிக் கேட்பவர்கள் கையில் இதைக் கொடுத்துவிடலாம்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஆணி, கயிறு, சங்கிலி விற்கிற கடை என்னுடையது. ஒரு கோடையில் தாகம் பிடித்துக்கொண்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பேன். குடித்ததெல்லாம் அடுத்த நிமிஷமே வெளியே போகும். கல்லாவில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. சட்டை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. "பொண்ணு கல்யாணக் கவலைங்க, வேற ஒண்ணுமில்ல" என்றாள் என் மனைவி ஜமீலா.

கல்யாணம் நிஜம். மூத்த மகள் ஹமீதாவை மங்கலம்பேட்டையில் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பனார் சம்சுதீன் பாய் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நல்ல குடும்பம், நல்ல பையன். நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது.

கடலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? ஆனால் அங்கே போனால் வாசலிலேயே தெரிந்தவர்கள் நாலு பேர் நிற்பார்கள். ஜமீலாவின் தம்பி ரஷீது என்னை ரயிலில் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு டாக்டர் சர்க்கரை வியாதிக்குக் கெட்டிக்காரர் என்று யாரோ சொன்னார்களாம். அங்கே கம்பவுண்டர் என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஒரு நீல மருந்தைச் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் ஜாஸ்தி. செங்கல் நிறம் வந்தால் கதை முற்றிவிட்டது என்று அர்த்தம். எனக்குக் குழாயில் செங்கல் சூளையே வந்தது.

டாக்டர் பெரிய குரல்காரர். ரகசியம் என்பது அவர் தொண்டைக்கே தெரியாது. "சாப்பிடுற சாப்பாட்டை உடம்பு எடுத்துக்கணும்னா உள்ள ஒரு நீர் சுரக்கணும்யா. உங்களுக்கு அது சரியாச் சுரக்கல. சர்க்கரை ரத்தத்துலயே தங்கிப் போவுது. மாத்திரை தர்றேன். ஆனா பாதி வைத்தியம் உங்க வாய்லதான் இருக்கு" என்றார். சோறு ஒரு கிண்ணம், அதற்கு மேல் கூடாது. சீனி, வெல்லம், தேன், பழம், கிழங்கு எதுவும் கூடாது. சோற்றைக் குறைத்த இடத்தில் கோதுமை. கீரையும் மீனும் சாப்பிடலாம். இவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். என் வீட்டாருக்குப் புரியவில்லை.

முதலில் கோதுமை. வழக்கம்போல் சோற்றைத் தின்றுவிட்டு, அதற்கு மேல் மருந்துபோல நாலு சப்பாத்தியும் தின்ன வேண்டும் என்று ஜமீலா எடுத்துக்கொண்டாள். "கோதும சக்கரைக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாரில்ல?" என்பாள். பிறகு பேரீச்சம்பழம். அது சுன்னத்து, நபி வழியில் வந்தது, அது எப்படி உடம்பைக் கெடுக்கும் என்று ரஷீது என்னிடம் வழக்காடினான். தேனுக்கும் அதே நியாயம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாகற்காய். காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டால் அன்றைக்கு என்ன இனிப்புத் தின்றாலும் கணக்கு நேராகிவிடும் என்பது என் வீட்டு வைத்தியம். காலையில் கசப்பில் முகம் கோணும், மாலையில் பாயசத்தில் நேராகும். நடுவில் என் ரத்தம் என்ன பாடுபட்டது என்று கேட்பார் இல்லை.

இதுகூடப் போகட்டும். கெடுதலெல்லாம் வியாதியை மறைத்ததில்தான் வந்தது.

"சக்கர வியாதி பரம்பரைக்கே வரும்னு பேசுவாங்க. சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா ஹமீதா கல்யாணம் நடக்குமா? அவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு கெடக்குது" என்றாள் ஜமீலா. அவள் அழுதுகொண்டே சொன்னாள், நானும் தலையாட்டிவிட்டேன். கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்தோம். தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் சம்பந்தி முன்னால் நான் ஆரோக்கியமான மனுஷனைப் போலச் சாப்பிட வேண்டும். எங்கள் ஜனங்களிடம் ஆரோக்கியமான மனுஷன் எப்படிச் சாப்பிடுவான் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன்.

சஹன் என்பது பெரிய தாம்பாளம். விருந்தென்றால் நாலு பேர் விரிப்பில் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடுவோம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கணக்கே கிடையாது. சோறு குறையக் குறையக் கொட்டுவார்கள். விருந்தாளி பக்கம் நல்ல கறித்துண்டைத் தள்ளிவைப்பது மரியாதை. அவர் அதைத் திருப்பித் தள்ளினால் அவமரியாதை. ஒரு கிண்ணம் சோறு என்ற டாக்டரை ஒரு நாள் சஹன் முன்னால் உட்காரவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நோன்பு தொடங்குவதற்கு முன்னாலேயே சம்சுதீன் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெய்ச்சோறு, கறி, தால்ச்சா, கடைசியில் ரவையும் முட்டையும் நெய்யும் சீனியும் சேர்த்துச் சுட்ட தம்ரூட். "மச்சான், நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று அவர் ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார். நான் தின்றேன். தின்றுவிட்டு, சந்தேகம் வரக்கூடாதே என்று இரண்டு துண்டை அவர் பக்கம் தள்ளினேன். அவரும் தின்றார். நடுநடுவே எழுந்து கொல்லைப்பக்கம் போய்வந்தார். மோர் கேட்டார், தண்ணீர் கேட்டார், மறுபடியும் தண்ணீர் கேட்டார். வழிப்பயண வெயில் என்று நினைத்தேன். என் புத்தியும் அந்த நேரத்தில் தம்ரூட்டில்தான் இருந்தது.

பிறகு அவர்கள் வீட்டில் பதில் விருந்து. அதற்குப் பிறகு தேதி குறிக்க ஒரு விருந்து, மாப்பிள்ளைக்குச் சட்டைத்துணி கொடுக்க ஒரு விருந்து. ஒவ்வொரு தடவையும் அவர் எனக்கு ஊட்டினார், நான் அவருக்கு ஊட்டினேன். இரண்டு குடும்பமும் பார்த்துப் பூரித்துப் போயின.

ஒரு நாள் கடையில் சரக்கு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் காலெல்லாம் ரத்தம். செருப்பைத் துளைத்து ஓர் ஆணி என் காலுக்குள் ஏறியிருந்தது. எப்போது ஏறியதென்றே எனக்குத் தெரியவில்லை. ஆணி விற்கிறவனுக்கு ஆணி குத்தினது தெரியவில்லை என்றால் சிரிக்கமாட்டார்களா? டாக்டர் பிறகு விளக்கினார். சர்க்கரை பல நாள் தங்கினால் காலில் உணர்ச்சி நரம்பு செத்துவிடுமாம். வலி என்பது உடம்பு கொடுக்கிற குரல். எனக்குக் குரல் அடைத்துப்போயிருந்தது.

மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிப் பார்த்தோம். புண் ஆறவில்லை. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கறுத்தன, வாடை வந்தது. ஊருக்கு என்ன சொன்னோம்? கல்யாணச் சரக்கு எடுக்க நான் மெட்ராஸ் போயிருப்பதாகச் சொன்னோம். ஜமீலா வெள்ளைத் துப்பட்டியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னோடும் ரஷீதோடும் ரயிலேறினாள். வழியெல்லாம் தெரிந்தவர்கள் ஏறிவிடக்கூடாதென்று அவள் ஓதிக்கொண்டு வந்தாள். என் காலுக்காக ஓதியதைவிட அதற்கே அதிகம் ஓதியிருப்பாள்.

டாக்டர் காலைப் பார்த்தார், ஜமீலாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "என்னய்யா சாப்ட்டீங்க?" என்றார். ரஷீது முந்திக்கொண்டு, "டாக்டர் சொன்ன மாதிரிதான் சார். கோதும, பாவக்கா" என்றான்.

"கோதுமயில என்ன?"

"அல்வா சார்."

அந்தக் குரலில் அவர் என்ன கத்தினார் என்று நான் எழுத வேண்டியதில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கத்தி முடித்தபிறகு மெதுவாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. இரண்டு விரலை எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரை இறங்கினால் அதோடு நிற்கும். இறங்காவிட்டால் அழுகல் மேலே ஏறும், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும்.

ஒற்றைக் காலோடு மகளின் நிக்காஹில் எப்படி உட்காருவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கால் போவதைவிடக் கால் போனது தெரிந்துவிடுமே என்ற பயம். அப்படி வளர்ந்திருக்கிறோம்.

விரல்களை எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. கண்ணாடி ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, தட்டில் வைத்துக் கொண்டுவருவார் சிஸ்டர். அந்தத் தட்டில் கண்ணாடி மோதுகிற சத்தம் கேட்டாலே என் தொடை இறுகும். குத்திக்கொள்வதுகூடப் பழகிவிட்டது. குழாய் காய்ச்சுவதுதான் பழகவில்லை. கம்பவுண்டர் விளக்கைப் பற்றவைத்தால் நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பச்சை வருமா, மஞ்சள் வருமா? பரீட்சை எழுதிய பையன்கூட அப்படித் தவித்திருக்கமாட்டான். என் காலல்லவா அந்தக் குழாயில் கொதிக்கிறது.

ஊசி போட்டும் சர்க்கரை சரியாக இறங்கவில்லை. டாக்டருக்குக் குழப்பம், எனக்குக் கிலி. கடைசியில் சிஸ்டர்தான் ரஷீதின் டிபன் கேரியரைத் திறந்து பார்த்தார். ஜமீலா வீட்டில் சமைத்துக் கொடுப்பதை அவன் தினமும் முதுநகரிலிருந்து எனக்குச் சுமந்து வருவான். மழையானாலும் வருவான், கூட்டத்தில் ரயில் படியில் நின்றுகொண்டும் வருவான். அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். கீழ்த் தட்டில் கீரை, நடுத் தட்டில் சப்பாத்தி. மேல் தட்டில் கெட்டியாகக் காய்ச்சிய பால். டாக்டர் பாலுக்குத் தடை சொல்லவில்லையே என்று நானும் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சிய பாலுக்குத் தன்னாலேயே இனிப்பு வரும் என்று நம்பியிருந்தேன்.

சிஸ்டர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "எவ்ளோ சீனி போட்டீங்க?"

"கொஞ்சம்தான் சிஸ்டர். ரத்தம் போன ஒடம்பு, அக்காதான் மனசு கேக்காம..." என்றான் ரஷீது.

அன்றைக்கு அவனோடு வந்திருந்த ஜமீலா துப்பட்டிக்குள் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேரியரைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவன் காலைப் பார்த்தேன். ரயிலுக்கு ஓடியதில் செருப்பு வார் அறுந்து ஒரு காலில் வெறுங்காலோடு நின்றான். இவர்களை என்ன செய்வது? திட்டவும் முடியாது, திருத்தவும் முடியாது. இவர்கள் அன்பு மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எனக்கு ஐந்து விரலும் இருந்திருக்கும்.

பாலை நிறுத்தினோம். குழாயில் நிறம் மாறத் தொடங்கியது. ஒருநாள் காலையில் பச்சை வந்தது, கம்பவுண்டரே சிரித்துவிட்டார். அன்றைக்கு டாக்டர் என்னைத் தடியூன்றி வராந்தாவில் நடக்கச் சொன்னார்.

வராந்தாவில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வந்தவர்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். அவரவர் கையில் அவரவர் பாட்டில். துண்டில் சுற்றி, பையில் ஒளித்து, ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி வைத்திருப்பார்கள். கடைசியில் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். தொப்பியும், தோளில் பச்சைத் துண்டும், மடியில் காகிதம் சுற்றிய பாட்டிலும். அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. எத்தனை விருந்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"மச்சான்?" என்றேன்.

சம்சுதீன் பாய் திரும்பினார். என் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். நான் அவர் பாட்டிலைப் பார்த்தேன்.

"மெட்ராஸ் போயிருக்கீங்கன்னு சொன்னாங்களே மச்சான்" என்றார்.

"நீங்க மங்கலம்பேட்டையில இல்ல இருக்கணும்?"

"விருத்தாசலத்துல பாத்தா ஆளுங்களுக்குத் தெரிஞ்சிடும். கடலூர்ல பாத்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிடும். அதான் இங்க."

நானும் அதே கணக்கில்தான் அங்கே வந்திருந்தேன். அவருக்கு வியாதி வந்து என்னைவிட ஒரு வருஷம் கூடுதலாம். மகனுக்குப் பெண் கிடைக்காதென்று அவர் வீட்டிலும் மூடி வைத்திருந்தார்களாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு காலைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

"சக்கரைய வச்சிக்கிட்டு எனக்கு ஏன் அவ்ளோ தம்ரூட் ஊட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஊட்டலன்னா நீங்க சந்தேகப்பட மாட்டீங்களா? நீங்க ரெண்டு துண்டு தள்ளுனீங்களே, அத எவன் தின்னான்? வூட்டுக்குப் போயி நாலு நாளு எந்திரிக்கலங்க நான்!"

"நீங்க தின்னதனாலதான் நான் தின்னேன்!"

"நீங்க தின்னதனாலதான் நானும் தின்னேன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு பேரும் யாருய்யா?" என்று கேட்டார். "சம்பந்திங்க" என்றோம் சேர்ந்து. அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சம்சுதீன் பாய் எழுந்தபோது பார்த்தேன், குதிகாலில் துணி சுற்றியிருந்தார். "செருப்புக் கடி மச்சான், வலியே இல்ல" என்றார். ஆணி ஏறியபோது எனக்கும் வலி இல்லைதான். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். கல்யாணம் முடியட்டும் என்றார். சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம் இப்போது இரண்டு பேருக்கும் இல்லை. ஆனாலும் அவருக்கு இன்னொரு மகன், எனக்கு இன்னும் இரண்டு பெண்கள். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றார். கல்யாணத்தன்று ஒரே சஹனில் உட்காருவோம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

காலைக் காப்பாற்றிக்கொண்டு வீடு வந்தேன். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. என் நொண்டலுக்குச் சுளுக்கு என்று பெயர் வைத்தோம். ஹமீதா மட்டும் உள்ளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, இன்னிக்கி ஒரு நாளு வாயக் கட்டுங்க, எனக்காக" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது.

விருந்தில் ஒப்பந்தப்படி இரண்டு பேரும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பாவும் என் பக்கத்து உறவினர் ஒருவரும். நான் சோற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். தம்ரூட் வந்தது. பெரியப்பா ஒரு துண்டைச் சம்சுதீன் பாய் பக்கம் தள்ளினார். நான் முழங்காலால் அவரை இடித்தேன். அவர் தின்றார். இன்னொரு துண்டு வந்தது, மறுபடியும் இடித்தேன். "மவன் கல்யாணம் மச்சான், ஒண்ணே ஒண்ணு" என்று காதில் முணுமுணுத்துவிட்டு அதையும் தின்றார். மடித்த காலுக்கடியில் அவர் குதிகால் தெரிந்தது. சுற்றியிருந்த துணியில் மஞ்சளாக ஈரம் கசிந்து விரிப்பில் ஒட்டியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. தெரிகிற நரம்பு அவருக்கு இல்லை.

பெரியப்பா மூன்றாவது துண்டைத் தள்ளினார். "மாப்பிள்ளையோட அத்தா நீயே தின்னலன்னா எப்புடி? ஒடம்புக்கு என்னா கேடு?"

சம்சுதீன் பாய் கை நீட்டினார். நான் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை. பந்தலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சம்பந்திகளுக்குள் சண்டை என்று நினைத்துப் பரிமாறியவர்கள் அப்படியே நின்றார்கள். பெண்கள் பக்கத்தை மறைத்த தட்டிக்குப் பின்னால் ஜமீலாவின் குரல், "யா அல்லா" என்று கேட்டது.

"இவருக்குச் சக்கர வியாதி" என்றேன். டாக்டரின் குரல் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எனக்கும்தான். எனக்குச் சிதம்பரத்துல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. இவரு காலப் பாருங்க. இதுக்கு மேல ஒரு துண்டு எவனாவது தள்ளுனா, அவன்தான் இவரு கால வெட்றான்னு அர்த்தம்!"

சம்சுதீன் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கை என் கையில் தளர்ந்தது. தான் தள்ளிய துண்டைப் பெரியப்பா திரும்ப எடுத்துத் தம்ரூட் தட்டிலேயே வைத்தார். என் மற்ற இரண்டு பெண்களின் சம்பந்தத்தையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரிமாறுகிறவர்கள் மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள். அப்போது பின் சஹனிலிருந்து ஒருவர் என் தோளைத் தொட்டார். முதுநகரில் துணிக்கடை வைத்திருப்பவர், வாட்டசாட்டமான ஆள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"சிதம்பரத்துல எந்த டாக்டருங்க மச்சான்?" என்று கேட்டார். அவர் கையில் பாதி கடித்த தம்ரூட் இருந்தது.